ஆற்றுப்படுத்துவோர்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் வழியில் பெருமுக்கல் என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் குன்றின்மேல் முத்தியாலீசுவரர் கோயிலும், பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் கைமாறிக் கைமாறிச் சிதைந்த பழங்கோட்டையின் எச்சங்களும் காணப்படுகின்றன. இன்று பேருந்தில் எளிதாகக் கடந்துவிடும் இந்நிலப்பகுதி, பண்டு ஓய்மாநாடு என்னும் பெயரால் வழங்கியது. நல்லியக்கோடன் என்னும் குறுநில மன்னன் இதனை ஆண்டான். நத்தத்தனார் என்னும் புலவர் அவனைப் பாடிய நூலே சிறுபாணாற்றுப்படை. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் அறிஞர் கூறுவர். ஆதலால் ஆற்றுப்படை நூல் ஒன்று கால்நடையாய் நடந்த நிலத்தின் நடுவே பெருமுக்கல் அமைந்திருக்கின்றது எனலாம்.

ஆற்றுப்படை என்பது யாது? ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். வள்ளல் ஒருவனிடம் சென்று வறுமை நீங்கித் திரும்பும் பாணன், வாடிய முகத்துடன் எதிரே வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்குக் கூறி அனுப்புவதே அது. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே யார் வரவேற்பர் என்பனவெல்லாம் அவன் சொல்லுவான். ஆனால் எதிரே வந்தவனின் கையைப் பற்றி இழுத்துச் செல்லமாட்டான். நடக்க வேண்டியவன் அவனே. மனத்துயரோ தீய பழக்கமோ உற்றவர்க்கு அருகிருந்து வழிகாட்டும் இக்காலத்துப் பணிக்கு ஆற்றுப்படுத்துதல் என்று தமிழில் பெயர் வைத்தோர், சொல்லை நன்கு ஆராய்ந்தே வைத்தனர் போலும்.

எயிற்பட்டினத்துப் பரதவர் தம் ஊருக்கு வரும் பாணர்க்கு மீன்சூட்டுடன் தேறலும் தருவர் என்று அப்பழைய நூல் கூறுகின்றது. அங்கே அது விருந்தோம்பலின் ஒரு கூறு; புலவர் அதனைப் பழிக்கவில்லை. ஆயினும் அக்காலத்துக் கள் வேறு, இக்காலத்து மது வேறு. புளித்த கள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சாராயச் சத்து இருக்கும். காய்ச்சி வடித்துப் புட்டியில் அடைத்து விற்கப்படும் மதுவகைகளில் அது நாற்பது பங்கையும் கடந்து நிற்கும். கள்ளச்சாராயத்திலோ என்ன கலந்திருக்கும் என்பதை விற்பவனே அறியமாட்டான். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில், மெத்தனால் என்னும் தொழிற்சாலை நச்சுப்பொருள் கலந்த சாராயத்தைக் குடித்தோர் பலர் மாண்டனர். அதே நாள்களில் அண்டை மாவட்டமாகிய செங்கற்பட்டிலும் இறந்தோரைச் சேர்த்தால், தொகை இருபதைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே உயிரிழந்தனர்.

இவ்வட்டாரம் மதுவை எதிர்த்து நின்ற வரலாறும் உடையது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, ஓமந்தூராரின் ஆட்சியில் 1948ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. 1971இல் அச்சட்டம் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, பின்னர் மீண்டும் தளர்ந்தது. 1983இல் மது வாணிகத்திற்கென அரசு நிறுவனம் ஒன்று அமைந்து, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே மேற்கொண்டது. மதுக்கடை திறந்திருப்பது நன்றோ, மூடுவது நன்றோ என்னும் வழக்கு நாட்டில் இன்றும் நடந்துகொண்டேயிருக்கின்றது. அவ்வழக்கு ஒருபுறம் நிற்க.

கடையைப் பற்றிப் பேசுவோர் பலர். குடித்து வீழ்ந்தவனைத் தூக்கி மருத்துவமனையில் சேர்ப்போரும் உளர். இவ்விரண்டிற்கும் இடையே ஆண்டுகள் பல உள்ளன. அந்த ஆண்டுகளில் அவன் வேலைக்குப் போகின்றான், கூலி வாங்குகின்றான், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றான். மாலையில் மட்டும் குடிக்கின்றான். அவனை நோயாளி என்று எவரும் எண்ணுவதில்லை, அவனும் எண்ணுவதில்லை. குடிநோயின் தொடக்கநிலை என மருத்துவர் குறிப்பிடுவது இந்தக் காலத்தையே.

இந்நிலையில் உடலுக்குள் நிகழ்வதை ஒருவாறு விளக்கலாம். மது மூளையின் விரைவைத் தணிக்கும் பொருள். நாள்தோறும் அது உட்செல்லுமாயின், மூளை தன் விரைவைத் தானே கூட்டிக்கொண்டு ஈடு செய்ய முயலுகின்றது. முன்பு ஒரு குவளை தந்த மயக்கத்தைப் பெற இப்போது இரண்டு வேண்டியிருக்கின்றது. 'நான் எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டேன்' என்று ஒருவன் பெருமை பேசுவானாயின், அது வலிமையின் அடையாளமன்று; மூளை பழகிவிட்டது என்பதன் அறிகுறியே அது. நாளடைவில் வேறு குறிகளும் தோன்றும். பிற்பகல் முதலே மனம் மாலையை நோக்கி ஓடும். அளவோடு நிறுத்த எண்ணி அமர்ந்தவன் அளவைக் கடந்து எழுவான். குடித்ததை மறைக்கப் பொய் ஒன்று, அப்பொய்யை மறைக்கப் பிறிதொன்று என வளரும். இவற்றை ஊரார் ஒழுக்கக்கேடு என்பர். ஒழுக்கத்தின் பெயரால் அவனை ஏசுவதால் பயன் விளைந்ததுண்டோ எனின், மிக அருமை என்றே சொல்ல வேண்டும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் இரண்டு கருத்துகளை அடுத்தடுத்து வைத்துள்ளார். குடித்துக் களித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடுவது போலாகும் என்பது ஒன்று. தான் குடியாது தெளிந்திருக்கும் பொழுதில், குடித்துத் தளர்ந்த பிறனைக் காண்பவன் தன் நிலையை அதனுள் எண்ணிப் பார்க்கமாட்டானோ என்பது மற்றொன்று. முதற் கருத்தையே பலரும் நினைவிற் கொள்கின்றனர். இரண்டாவது கருத்தின் ஆழம் அவ்வளவாக உணரப்படவில்லை. குடிப்பவனுக்கும் தெளிந்த நேரம் ஒன்று உண்டு; அந்நேரத்தில் அவன் தானே காணவல்லவன். பிறர் காட்டுவதைவிடத் தானே காண்பதே அவன் நெஞ்சில் தைக்கும்.

அந்தத் தெளிந்த நேரத்தைப் பயன்கொள்ளும் முறையே ஆற்றுப்படுத்துதல். படுக்கையில் சேர்க்காமல், வேலையைவிட்டு விலக்காமல், புறநோயாளியாக வந்து செல்லும்போதே இவ்வுதவியை அளிக்க இயலும்.

இத்துறை வளர்ந்த வரலாறும் ஆற்றுப்படையை ஒத்திருப்பது வியப்பே. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பங்கு வாணிகர் ஒருவர், குடியை விட முடியாமல் தவித்த அறுவை மருத்துவர் ஒருவரைச் சந்தித்தார். அவர் அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார். அச்சந்திப்பிலிருந்தே, பெயர் வெளியிடாத குடிநோயாளர் கூட்டம் உலகெங்கும் பரவியது. ஒரு பாணன் மற்றொரு பாணனுக்கு வழி சொன்னான் என்பதன்றி இதனை வேறெவ்வாறு கூறுவது?

தமிழ்நாட்டில் இப்பணிக்குப் பெரிதும் அடிகோலியவர் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார். அவருடைய கணவர் குடிநோய்க்கு ஆளாகி 1979இல் இளமையிலேயே மறைந்தார். தம் துயரைத் தம்முள் வைத்து மறைத்துக்கொள்வதே அக்காலக் குடும்பங்களின் வழக்கம். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. கணவர் பெயரால் 1980ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி அறநிலையம் எழுந்தது. அமெரிக்காவில் இத்துறைப் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், குடிநோய் என்பது பழியன்று, மருத்துவத்தால் தணிக்கத்தக்க நோய் என்பதை நிலைநாட்டினார். அந்நிலையத்தின் மருத்துவமனை அடையாற்றில் உள்ளது. நோயாளி ஒருவரை மட்டும் அழைத்துப் பேசினால் போதாது, அவருடன் வாழ்ந்து நலிந்த மனைவிக்கும் மக்களுக்கும் தனியே ஆறுதலும் அறிவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்களைத் தேடி மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் தாமே செல்ல வேண்டும் என்று கருதி, 1989 முதல் திருவாரூர்ப் பகுதியைச் சேர்ந்த மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தினார். ஊரார் இடம் தந்தனர். ஊரார் முன்னிலையிலேயே மருத்துவம் நடந்தது. மறைத்து வைக்க வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் அதனால் குறைந்தது. அம்மையாருக்கு இந்திய அரசு 1992இல் பத்மசிறீ விருது அளித்தது. ஐக்கிய நாடுகள் அவை 1999இல் வியன்னா குடிமைச் சமூக விருதளித்துச் சிறப்பித்தது.

இனி, அந்த அறைக்குள் நிகழ்வது என்ன? பெருமுக்கலிலிருந்து நாள்தோறும் திண்டிவனத்துக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்தைந்து. வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்கவே அவர் மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் ஆற்றுப்படுத்துநரையும் பார்த்துச் செல்லச் சொன்னார். அங்கே பத்துக் கேள்விகள் கேட்கப்படும். அவை உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்தவை; எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறார், எவ்வளவு, நிறுத்த முடியாமற் போனதுண்டா, காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றியதுண்டா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை மதிப்பெண் உண்டு, முழுத்தொகை 40. தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி; இங்கோ கூடக் கூடக் கவலை. எட்டைத் தொட்டால் எச்சரிக்கை. இருபதைத் தொட்டால், நோய் முற்றியிருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் மீண்டும் அனுப்புவர். கொத்தனாரின் தொகை 15 என்று கொள்வோம்.

கொத்தனார் தலைகுனிந்து ஏச்சை எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறார். ஆற்றுப்படுத்தும் அம்மையாரோ, "அண்ணா, குடிப்பதனால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை என்ன?" என்று கேட்கிறார். கொத்தனார் திகைக்கிறார், இதுவரை எவரும் அவரிடம் இவ்வாறு கேட்டதில்லை. "உடம்பு வலி தெரியாது அம்மா. தூக்கம் வரும். கூட வேலை செய்கிறவர்கள் விடமாட்டார்கள்" என்கிறார். அம்மையார் மறுக்கவில்லை, குறித்துக்கொள்கிறார். பிறகு, "வேண்டாதது ஏதேனும் உண்டா?" என்கிறார். சற்று நேரம் மௌனம். "காசுதான்" என்கிறார் கொத்தனார். கணக்கு அவர் கையாலேயே போடப்படுகிறது. நாளொன்றுக்கு 200 ரூபாய், வாரத்தில் 5 நாள். ஆக 1000 ரூபாய். ஆண்டுக்கு 52,000 ரூபாய். சுவருக்குச் செங்கல் எண்ணிப் பழகிய அவர் இக்கணக்கை இதற்குமுன் போட்டதில்லை. வீட்டு ஓடு மாற்றக் கடன் கேட்டு அலைந்தது அவருக்கு நினைவு வருகிறது. அதனை அம்மையார் எடுத்துச் சொல்லவில்லை, அவரே சொல்கிறார்.

அடுத்து ஒரு நுட்பமான வினா. "குடியை விட வேண்டும் என்னும் எண்ணம் உங்களுக்கு எவ்வளவு உண்டு? பத்துக்கு எத்தனை?" "நாலு இருக்கும்." இவ்விடத்தில் பலரும், "ஏன் நாலுதானா? பத்து இருக்க வேண்டாமா?" என்றே கேட்பர். அவ்வாறு கேட்டால் அவர் குடிக்கு வழக்குரைஞர் ஆகிவிடுவார்; விடமுடியாமைக்குரிய காரணங்களையே அடுக்குவார். அம்மையார் கேட்பது வேறு: "இரண்டு என்று சொல்லாமல் நாலு என்றீர்களே, அது ஏன்?" இப்போது கொத்தனார், விடவேண்டிய காரணங்களைத் தம் வாயாலேயே சொல்லத் தொடங்குகிறார். மகள் தம்மைக் கண்டதும் அடுத்த அறைக்குப் போய்விடுவதை அப்போதுதான் சொல்கிறார். பிறர் சொல்லிக் கேட்ட நூறு காரணங்களினும், ஒருவன் தன் வாயால் சொல்லிய ஒரு காரணம் வலிது என்பதே இம்முறையின் அடிப்படை. வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1983ஆம் ஆண்டு இதனை எழுதி விளக்கினார்.

பின்னர் வழி வகுக்கும் வேலை. கூலி கிடைக்கும் சனிக்கிழமை மாலையே கொத்தனாருக்கு இடர்மிக்க பொழுது. ஆகவே கூலியை வாங்கியதும் பெரும்பகுதியை மனைவியிடம் சேர்ப்பிக்க ஏற்பாடு. கடை இல்லாத வேறு தெரு வழியே பேருந்து நிலையம் செல்லுதல். பசியோடு இராமல் நாலு மணிக்கே ஏதேனும் உண்ணுதல். நண்பர் அழைத்தால் என்ன சொல்வது என்பதை அறையிலேயே பேசிப் பழகுதல். ஆசை அலையைப் போல எழும், எழுந்தது தணியும், தணியும் வரை வேறொன்றில் கையை ஈடுபடுத்தினால் போதும் என்பதும் கற்பிக்கப்படும். இவை மிகச் சிறியனவாகத் தோன்றலாம். பெரிய சூளுரைகள் உடைந்த இடங்களில் இச்சிறியனவே நிற்கின்றன.

இரண்டாம் முறை வரும்போது கொத்தனாரின் முகம் வாடியிருக்கிறது. ஒரு திருமணத்தில் குடித்துவிட்டாராம். அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. "அதற்கு முன் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கிறார். வழுக்கியது வேறு, விழுந்துகிடப்பது வேறு. வழுக்கிய இடத்தை அறிந்துகொண்டவர் அடுத்த முறை அங்கே காலை ஊன்றி வைப்பார்.

இதெல்லாம் வெறும் பேச்சுத்தானே, பேச்சினால் நோய் தீருமோ என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வையம் நியாயமானதே; அதற்கு விடை கோவாவிலிருந்து கிடைத்தது. அங்குள்ள பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், நோய் முற்றாத நிலையில் தீங்கு தரும் அளவுக்குக் குடித்துவந்த ஆடவர் 377 பேரை இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு வழக்கமான உதவி மட்டும். மற்றொரு சாராருக்கு அதனோடு, அதிகமாக நான்கு முறை வரை ஆற்றுப்படுத்தும் பேச்சு. பேசியவர்கள் மருத்துவரோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர். அதற்கெனப் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, முந்திய இரு வாரங்களில் ஒரு துளியும் குடியாதிருந்தோர் முதற் சாராருள் நூற்றுக்கு 18 பேர். ஆற்றுப்படுத்தப்பட்டோருள் 42 பேர். தொடர்ந்து குடித்தவர்களைப் பொறுத்தவரை, குடித்த அளவில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர் மறைக்காமல் எழுதினர். இம்முடிவுகள் லான்செட் என்னும் மருத்துவ இதழில் 2017இல் அச்சாயின. ஓராண்டு கழித்தும் பயன் நிலைத்திருந்தது. பேச்சு மருந்தாகும் என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டுவதில்லை. எல்லார்க்கும் ஆகாது என்பதற்கும் இதுவே சான்று.

ஆகாத இடம் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். காலையில் கை நடுங்கி, அந்நடுக்கம் நிற்பதற்காகவே குடிக்கும் நிலைக்கு வந்தவர், திடீரெனக் குடியை நிறுத்துதல் ஆபத்து. மதுவுக்கு ஈடாகத் தன் விரைவைக் கூட்டிக்கொண்ட மூளை, மது நின்றதும் கட்டவிழ்ந்த காளைபோல் ஓடும். தூக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை நேரும். உயிருக்கே கேடு வருதலும் உண்டு. அத்தகையோரை வீட்டில் அடைத்து வைத்துத் திருத்த முயலும் குடும்பங்கள் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றன. எனினும் அது தவறு. அவர்களுக்கு முதலில் மருத்துவமனைப் படுக்கையும் மருந்தும் வேண்டும். பேச்சு அதன் பின்னரே.

டெல்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், மதுவுக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றனர் என்றும் அது கூறியது. எஞ்சிய 37 பேருக்கும் உதவி எட்டாமைக்குத் தொலைவு ஒரு காரணம். நாணம் மற்றொரு காரணம். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று ஊரார் சொல்லிவிடுவர் என்னும் அச்சம், பல குடும்பங்களை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது.

விழுப்புரம் வட்டாரத்தைப் பொறுத்தவரை, முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கும், வாயிலில் நிற்க நாணுபவர்க்கும், 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தொலைபேசிச் சேவை ஒன்று உண்டு. 14416 என்னும் எண்ணை அழைத்தால், கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம் தமிழிலேயே பேசலாம். குடிப்பவரே அழைக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய மனைவி அழைக்கலாம், தாய் அழைக்கலாம், அடுத்த அறைக்குப் போய்விடும் அந்த மகளும் அழைக்கலாம்.